பாண்ட்ஸா, ரூத்தா: எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்), பேப் ரூத் 714. இருவரையும் நியாயமாக ஒப்பிட வழி உண்டா?

பதில்: மொத்த எண்ணிக்கையை வைத்துப் பேசினால் தீராது. ஓபிஎஸ் பிளஸ் (ஒருவரின் பேட்டிங்கை லீக் சராசரியோடு ஒப்பிடும் எண்) பாருங்கள். அதில் அந்தந்த ஆண்டின் லீக் சராசரி 100. மைதானத்துக்கும் திருத்தம் உண்டு. உயரத்தில் இருக்கும் டென்வர் நகரின் மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். திருத்தாவிட்டால் கணக்கே தப்பு.

பதில்: அந்தச் சராசரி யாரை வைத்து வந்தது? 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) கறுப்பின வீரர்களுக்குக் கதவு அடைத்தே கிடந்தது. ரூத் முழுக்க ஆடியது அந்தக் காலத்தில். எந்தச் சூத்திரமும் இதைச் சரிக்கட்டாது.

பதில்: விதியும் மாறுகிறதே! 1968-ல் பிட்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சனின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு, ஃபீல்டிங் பிழையின்றி விட்டுக்கொடுத்த ரன் சராசரி) வெறும் 1.12. பிட்சர்களின் கை அப்படி ஓங்கியதால், மறு ஆண்டே அவர்கள் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்த 2001-ல் மேஜர் லீக்கில் ஸ்டீராய்டு (தசை வலுவைக் கூட்டும் ஊக்கமருந்து) சோதனையே இல்லை.