புதுப்பிப்பு: எரிமலைச் சரளைக் குழியில் புல் முளைத்துவிட்டது

அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே, பனிக்காலச் சாலைகளில் தூவுவதற்காகச் சிண்டர் எனும் எரிமலைச் சரளை எடுக்க ஒரு சிறு குழிக்கு அனுமதி வாங்கி, பிறகு அந்த நிலத்தில் மறுபடி செடிகொடி வளரும்படி மீட்டெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கே தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

அனுமதிக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் மணல், சரளையோடு சிண்டரையும் சாதாரணப் பொருளாக்கிவிட்டதால், தேசிய வனநிலத்தில் சுரங்க உரிமை கோர முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். மீட்புத் திட்டம் தரும்வரை எங்கள் கோப்பு நகரவில்லை.

"மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது. இந்தச் சரளை சல்லடை மாதிரி. மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும், மண் இல்லாமல் விதை பிழைக்காது. குழியின் செங்குத்துச் சுவர்களை மூன்றடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற மெதுவான சரிவாக்கி, அந்த மண்ணைப் பரப்பி, ஜூலை மழைக்கு முன் உள்ளூர்ப் புல் விதைத்தோம்.

வடக்கு நோக்கிய சரிவு பசுமையாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. தெற்குச் சரிவில் பாதி கருகிவிட்டது. கருஞ்சரளை வெயிலை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த மழைக்கு முன் அங்கே மீண்டும் விதைத்து, வைக்கோல் பரப்பப் போகிறோம்.