பழைய யூனிக்ஸ் இலவசமா? 100 டாலர் கட்டியவன் கேட்கிறேன்

காந்தநாடா:
"யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு அந்தக் காலத்திலேயே இலவசம்" என்று கிறுக்கன் நேற்று அடித்துவிட்டிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. 1998-இல், அப்போது யூனிக்ஸைக் கையில் வைத்திருந்த எஸ்சிஓ கம்பெனிக்கு 100 டாலர் கட்டி உரிமம் வாங்கியவன் நான். இலவசம் என்றால் அந்தப் பணம் எதற்கு?

கிறுக்கன்:
அதை உங்களைத்தான் கேட்க வேண்டும் சார். 1956 நீதிமன்ற ஆணைப்படி, யூனிக்ஸை உருவாக்கிய தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டி அப்போது கணினி வியாபாரத்தில் இறங்கவே முடியாமல் இருந்தது. அதனால்தான் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் காசுக்கு மூலநிரலோடு கொடுத்தார்கள்.

காந்தநாடா:
பல்கலைக்கழகத்துக்கு! கம்பெனி என்றால் 20,000 டாலர். பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியது. ஆறாம் பதிப்பின் நிரலுக்கு ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1977-இல் எழுதிய விளக்கம் 1996-இல்தான் முறையாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதுவரை ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ். 1998-இலும் பழைய யூனிக்ஸ் ஆர்வலர் வாரன் டூமி ஆள் திரட்டிக் கேட்ட பிறகுதான் எஸ்சிஓ இறங்கி வந்தது. அதுவும் 100 டாலருக்கு.

நள்ளிரவுநிரல்:
எஸ்சிஓவின் யூனிக்ஸை வாங்கிய கால்டெரா, 2002 ஜனவரியில் ஏழாம் பதிப்பு வரைக்கும், வாக்ஸ் கணினிக்கான பதிப்பான 32வி-க்கும் இலவசமாகப் பயன்படுத்தவிடும் பிஎஸ்டி பாணி உரிமம் கொடுத்துவிட்டதே. இன்னும் என்ன சண்டை?

காந்தநாடா:
2002 வேறு, 1998 வேறு தம்பி. நான் கட்டியது 1998-இல்.

கிறுக்கன்:
கட்டினீர்கள், கட்டினீர்கள், ஊருக்கே தெரியும். ஆனால் யாரிடம்? 2010-இல் எஸ்சிஓ-நாவெல் வழக்கில் யூட்டா ஜூரி என்ன சொன்னது? யூனிக்ஸ் பதிப்புரிமை, ஏடி அண்ட் டியிடமிருந்து அதை வாங்கிய நாவெல் கம்பெனியை விட்டுப் போகவே இல்லை என்றது. வீட்டுக்காரர் வேறொருவர் இருக்க, வாடகையைக் காவல்காரரிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

காந்தநாடா:
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். அந்த வழக்கில் இருந்தது கால்டெரா பெயர் மாற்றிக்கொண்ட எஸ்சிஓ. நான் வாங்கியது சாண்டா குரூஸ் எஸ்சிஓவிடம். நாவெலோடு போட்ட 1995 ஒப்பந்தப்படி, யூனிக்ஸின் பிந்தைய வணிகப் பதிப்பான சிஸ்டம் ஃபைவ் ராயல்டியை வசூலித்து, 5 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நாவெலுக்கு அனுப்பியதே அவர்கள்தான்.

கிறுக்கன்:
சிஸ்டம் ஃபைவ் ராயல்டி! உங்கள் 100 டாலர் உரிமத்தில் சிஸ்டம் ஃபைவ் உண்டா? கிடையாது. அப்புறம் அது எதற்கு இங்கே?

நள்ளிரவுநிரல்:
அந்த 32வி-யைப் பதிப்புரிமைக் குறிப்பே போடாமல் விநியோகித்தார்கள், அதன் பதிப்புரிமையே சந்தேகம் என்று 1993-இல், பிஎஸ்டிஐ கம்பெனி மேல் ஏடி அண்ட் டி தரப்பு போட்ட வழக்கில் நீதிபதி...

காந்தநாடா:
32வி பற்றி இங்கே யாரும் பேசவில்லை. கிறுக்கனுக்கு முன்பு மினிக்ஸ் இயங்குதளம் பற்றிய இழையில் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது போல. ஆறாம் பதிப்பு ஓடிய பிடிபி-11 கணினியைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா? பழைய கணினியைப் போல நடிக்கும் சிம்ஹெச் மென்பொருளில் ஓட்டுகிறவர்கள் எல்லாம் வரலாறு பேச வந்துவிட்டார்கள்.

கிறுக்கன்:
உங்கள் பிடிபி-11 ஓடுகிறதா சார், இல்லை அதன் மேல் துணி காய்கிறதா?

புதுவரவு:
எட்டாம் பதிப்பை வீட்டில் ஓட்டிப் பார்க்க இப்போது யாரிடம் உரிமம் வாங்க வேண்டும்?

நள்ளிரவுநிரல்:
யாரிடமும் வேண்டாம். எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் வணிகமில்லாமல் பயன்படுத்தினால் உரிமை கோர மாட்டோம் என்று 2017-இல், யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸின் உரிமையாளரான நோக்கியா தரப்பே சொல்லிவிட்டது.

கிறுக்கன்:
பார்த்தீர்களா, இலவசம்.

காந்தநாடா:
ஆறாம் பதிப்பைப் பற்றிப் பேசு. 1998. 100 டாலர். கையெழுத்துப் போட்ட காகிதம் என்னிடம் இருக்கிறது. உன்னிடம் என்ன இருக்கிறது?