செரிப்ரல் பால்சிக்கு ‘வாதம்’ பொருந்துமா?

> ‘பெருமூளை வாதம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, செரிப்ரல் பால்சிக்கு (குழந்தையின் வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலியக்கம் தடைபடும் நிலைக்கு) அந்தச் சொல் புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு பாதியுமே எனக்கு இடறுகிறது.

முதலில் வாதம். பக்கவாதம் என்றால் மூளை இரத்தக்குழாய்ச் சிக்கல். இளம்பிள்ளை வாதம் என்றால் தண்டுவட நரம்பணுக்களைத் தாக்கும் போலியோ. முடக்குவாதம் மூட்டுநோய். செரிப்ரல் பால்சியையும் அதே வரிசையில் உட்கார வைத்தால், பெற்றோர் முதலில் போலியோவைத்தான் நினைக்கிறார்கள். போலியோவில் கால் துவண்டு தொங்கும். இங்கே பெரும்பாலும் நேர்மாறு. கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக மூடிய கை. தூக்கி நிறுத்தினால் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகும் கால்கள். விறைப்புக்கும் துவளலுக்கும் ஒரே சொல்லா? (வாதம் என்றால் வழக்காடுவதும்தான். அது நமக்குப் பழகிவிட்டது!)

பெருமூளை என்பது ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் 1889இல் தம் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. இதில் நடை தள்ளாடும் ஒரு வகையில் பாதிப்பு சிறுமூளையோடு தொடர்புடையது என்பதால் ‘பெரு’ இல்லாமல் வெறும் மூளையே போதும்.

என் முன்மொழிவு: மூளைசார் உடலியக்கத் தடை.

வெறும் ‘இயக்கம்’ என்றால் கட்சி நினைவுக்கு வருகிறது. ‘அசைவு’ போதாது, தலையை நிமிர்த்தி வைப்பதும் சாயாமல் உட்காருவதும் அசைவல்ல, ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அவைதான் பெரும்பாடு. ‘நோய்’ வேண்டாம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. வளர வளர மாறுவது தசையும் எலும்பும்தான்.

> அறிவு வளர்ச்சியும் பாதிக்கிறதே, பெயரில் சேர்க்க வேண்டாமா?

கூடவே கூடாது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. பேச்சு வராத ஒரு சிறுமியிடம் நீல அட்டை எது என்று கேட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கை நீட்ட முயன்றாள், தோள் இறுகிக்கொண்டது. கண் நீலத்துக்குப் போய் நின்றது. அதற்குள் கேட்டவர் ‘பதில் இல்லை’ என்று எழுதிவிட்டார். பெயரிலேயே அறிவைச் சேர்த்தால் அந்தக் குறிப்பு இன்னும் எளிதாக எழுதப்படும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. தவழ்ந்து போய்ப் பொருளை எடுத்து, புரட்டி, கீழே போட்டுப் பார்த்துத்தான் குழந்தை தூரத்தையும் விளைவையும் அறிகிறது. 1963இல் ஹெல்ட், ஹைன் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒரு பூனைக்குட்டி நடந்து சுற்றியது, இன்னொன்று அதனோடு இணைத்த தொட்டியில் சும்மா சுற்றி வந்தது. பார்த்த காட்சி ஒன்றே; சும்மா வந்த குட்டிக்குத்தான் பார்வையைக் கொண்டு காலை வைக்கத் தெரியவில்லை. பூனைக்குட்டியை அப்படியே பிள்ளைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் நல்ல இருக்கையும் சக்கர வண்டியும் ஏன் காத்திருக்கக் கூடாது என்பது இதில் விளங்கும்.

அதனால் அங்கே ‘அறிவு வளர்ச்சி’ என்பதையும் விட்டு, அறிதல் வளர்ச்சி என்று எழுதலாமே? அறிவு கையிருப்பு, அறிதல் செயல்.

சரி, வகைப்பெயர்கள்: ஸ்பாஸ்டிக் ‘விறைப்பு வகை’, அட்டாக்ஸிக் ‘தள்ளாட்ட வகை’. டிஸ்கைனடிக் மட்டும் சிக்குகிறது. கை தானாக முறுக்கிக்கொள்வதும் வெட்டி இழுப்பதும் அதில் சேர்ந்தே வரும். ‘முறுக்கு வகை’ பாதியைத்தான் சொல்கிறது. ‘தன்னியல்பு அசைவு’ என்றால் இயல்பானது போல ஒலிக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?