அப்பா ராணுவ பென்ஷனர், தவறிவிட்டார். அம்மாவின் குடும்ப பென்ஷனுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கணியம்பாடி செல்வி

வணக்கம். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து 1995-ல் ஓய்வு பெற்றவர். போன மாதம் 11-ம் தேதி தவறிவிட்டார், வயது 73. எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையைச் சுற்றி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர்கள்தான், அதனால் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா ஏழு வருஷத்துக்குப் பாதிச் சம்பளம் பென்ஷனாக வரும், அப்புறம்தான் குறையும் என்கிறார். இன்னொருவர், அம்மாவின் பெயர் சரியில்லாததால் ஒன்றுமே வராது, பதினைந்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பெயர்ப் பிரச்சினை உண்மைதான். ராணுவத்தில் ஓய்வின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் சரோஜா, பிறந்த வருடம் 1958. ஆதாரில் சரோஜம்மாள், 01-01-1955. கல்யாணத்தின்போது அப்பா சொன்னதை எழுதியிருக்கிறார்கள், ஆதாரில் யாரோ வயதைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

மாதக் கடைசியில் அப்பா கணக்கில் வழக்கம்போல பென்ஷன் ஏறிவிட்டது. ஏடிஎம் கார்டு எங்களிடம்தான் இருக்கிறது, காரியச் செலவுக்கு வாங்கிய கடன் நிற்கிறது, எடுக்கலாமா? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டை அப்பா எடுக்கவே இல்லை, மாத்திரைக்காக வேலூர் போய் வரிசையில் நிற்கணுமா என்று விட்டுவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டி வலி எல்லாம் உண்டு, இனிமேல் எடுக்க முடியுமா?

கடைசியாக என் விஷயம். நான் அம்மாவோடுதான் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு அப்பா இருக்கும்போதே போட்டது, இன்னும் தீர்ப்பு வரவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கோ அவளுக்கோ ஏதாவது உண்டா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஓய்வு சுபேதார்

செல்வி அம்மா, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் யூனிட்டில் கிளார்க்காக இருந்தவன், இந்த மாதிரிக் காகிதம் நிறையப் பார்த்தாகிவிட்டது.

அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இறந்த நாள் வரைக்குமான பென்ஷன் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது, அதற்கு அடுத்த நாளிலிருந்து அம்மாவின் குடும்ப பென்ஷன் கணக்கு ஆரம்பம். கணக்கில் ஏறியது முழு மாதத்துக்கானது, 11-ம் தேதிக்குப் பிந்தையதைத் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவு செய்துவிட்டால் பின்னால் அம்மாவுக்கு வரும் பணத்தில் கழிப்பார்கள், அதற்குள் வங்கியில் கேள்வி மேல் கேள்வி. அம்மாவுக்கு ஒரு ரூபாயும் குறையப் போவதில்லை, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அடுத்தது இறப்பைத் தெரிவிப்பது. முன்பு பென்ஷன் வங்கி வழியாக வந்துகொண்டிருந்தது, இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் தளம், பிரயாக்ராஜில் இருக்கிற ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகம் அதிலிருந்துதான் நேராகப் போடுகிறது. ஆகவே வங்கி மேனேஜரிடம் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தோம், வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். ஸ்பர்ஷ் தளத்தில் பென்ஷனர் இறப்பைத் தெரிவிக்கத் தனி இடம் இருக்கிறது. ஆன்லைன் வராது என்றால் சிஎஸ்சி என்கிற பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள், வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். இறப்புச் சான்றிதழ், பிபிஓ என்கிற பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புக், அம்மாவின் ஆதார், பான், அம்மா பெயரில் உள்ள பாஸ்புக், போட்டோ, இவற்றை ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் எதையும் யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், குறிப்பாக அந்தப் பதினைந்தாயிரக்காரர் கையில்.

தாத்தா சொன்ன கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. கடைசிச் சம்பளத்தில் பாதி என்கிற உயர்த்தப்பட்ட குடும்ப பென்ஷன், ஓய்வுக்குப் பின் இறந்தவர்களுக்கு ஏழு வருடம் அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய தேதி, இதில் எது முந்தியோ அதுவரைதான். அப்பா 73-ல் இறந்திருக்கிறார், அந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. அம்மாவுக்கு வருவது சாதாரண வீதம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்பாவின் பென்ஷன் சம்பளத்தில் பாதி என்பதால், அவர் வாங்கிய அடிப்படை பென்ஷனில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் குடும்ப பென்ஷன் 9,000-க்குக் கீழே போகாது, அகவிலைப்படி தனி. பணியில் இருக்கும்போது இறந்தவர்கள், போரில் இறந்தவர்கள் குடும்பத்துக்கு விதி வேறு. பணியால் நேர்ந்த மரணம் என்றால் 60 சதவீதம், போர்ச் சாவு என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும். ஊரில் பேசும்போது இது எல்லாவற்றையும் கலந்து பேசுவார்கள், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

சிஎஸ்சி தம்பி

அக்கா, நான் ஆற்காடு பக்கம் மையம் நடத்துகிறேன். பெயர் விஷயத்தில் என் கருத்து: பிபிஓவை மாற்றப் போகாதீர்கள், ஆதாரை மாற்றுங்கள். ரெஜிமென்டின் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வெலிங்டன்ல, கணக்கு அலுவலகம் பிரயாக்ராஜ்ல, இரண்டுக்கும் நடுவில் காகிதம் நடந்து வர மாதக்கணக்காகும். ஆதாரில் பெயரை இரண்டு முறை மாற்ற அனுமதி உண்டு. சரோஜம்மாள் என்பதைச் சரோஜா ஆக்கிவிட்டு, பான், வங்கி இரண்டிலும் அதையே போட்டுவிட்டால் மெஷின் ஒத்துக்கொள்ளும். இனிஷியலையும் கவனியுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவுடைய அப்பாவின் இனிஷியல், பின் கணவர் இனிஷியல், இங்கே வருகிற பத்து அம்மாக்களில் பாதிப் பேருக்கு அதில்தான் தகராறு.

ஓய்வு சுபேதார்

தம்பி சொல்வது பெயருக்குச் சரி. பிறந்த தேதிக்கு அவசரப்பட வேண்டாம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதோடு இதில் பணமும் இருக்கிறது: குடும்ப பென்ஷனருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு ஆனால் இரு மடங்கு. 1955-ஆ 1958-ஆ என்பது அம்மாவுக்கு மூன்று வருடத்துக் கூடுதல் பணம். பள்ளிச் சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பழைய பெட்டியில் தேடுங்கள். இருந்தால் அது சொல்லும் வருடத்தைப் பிடித்துக்கொண்டு எது தப்போ அதைத் திருத்துங்கள், ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் திருத்த வேண்டியிருந்தாலும் சரி. ஆதாரில் இருப்பதையே வயதுக்கு ஆதாரமாகக் காட்டினால் நிற்காது, வயதை முடிவுசெய்ய ஆதார் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றமே 2024-ல் சொல்லியிருக்கிறது. ஒரு காகிதமும் கிடைக்கவில்லையென்றால் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் 1958-க்கே ஆதாரைக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ரெக்கார்ட்ஸுக்கு எழுதுவதானால் நோட்டரி அஃபிடவிட் வைத்து, மாவட்ட நல அலுவலகத்தின் வழியாகவே அனுப்புங்கள். தபாலில் நீங்களாகப் போட்டால் பதில் வருமா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

லட்சுமி அக்கா

செல்வி, நான் உன் அம்மா நிலையில் இருப்பவள், வீட்டுக்காரர் போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. ஆண்கள் பென்ஷனைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு இசிஎச்எஸ்தான் உயிரைக் காப்பாற்றியது, அதனால் அதைச் சொல்கிறேன்.

2003 ஏப்ரலில் ஆரம்பித்த திட்டம் இது. இப்போது ஓய்வு பெறுகிறவர்கள் ஒரே ஒரு முறை கட்டணம் கட்ட வேண்டும், ஹவில்தார் வரை 30,000. ஆனால் 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் கட்டணமே கிடையாது, அவர்கள் குடும்பத்துக்கும் அப்படித்தான். உன் அப்பா 1995. அதாவது இத்தனை வருடம் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை எடுக்காமல் விட்டிருக்கிறார், பாவம், நிறைய பேர் அப்படித்தான். இப்போதும் அம்மா குடும்ப பென்ஷனர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். குடும்ப பென்ஷன் பிபிஓ கைக்கு வந்ததும் அதைக் கையோடு செய்துவிடு, தள்ளிப்போடாதே.

வேலூரிலேயே இசிஎச்எஸ் பாலிகிளினிக் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை அங்கேயே கொடுப்பார்கள், ஸ்டாக் இல்லை என்கிற நாளும் வரும், சண்டை போடாமல் எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். முட்டிக்கு ஆபரேஷன் என்று வந்தால் பாலிகிளினிக் டாக்டர் ரெஃபரல் எழுதுவார், அதை எடுத்துக்கொண்டு இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகலாம், கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. அவசரம் என்றால் ரெஃபரல் இல்லாமலே பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கலாம். அந்த நேரத்தில் கவுன்டரில் அட்வான்ஸ் கேட்டார்கள் என்னிடம், ஊர் பெயர் மருத்துவமனை பெயர் எல்லாம் வேண்டாம். கார்டை நீட்டி, அவசரச் சேர்க்கை என்று பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்புங்கள் என்று நின்றேன், அனுப்பினார்கள். நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, நவம்பர் மாதம். வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்கணும், இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். என் கை ரேகை அரிசி புடைத்துப் புடைத்தே தேய்ந்துபோச்சு, மெஷின் எடுக்கவே எடுக்காது. இப்போது போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றைப் போடலாம், பேத்தி செய்து தருகிறாள்.

கணியம்பாடி செல்வி

எல்லோருக்கும் நன்றி. ஏடிஎம் கார்டை அம்மாவின் புடவை பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. பள்ளிச் சான்றிதழ் அம்மா படித்த பள்ளியில் கேட்டுப் பார்க்கிறேன், ஐந்தாவது வரை படித்திருக்கிறார். நான் கேட்ட கடைசி விஷயத்துக்கு யாராவது சொல்லுங்களேன், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு சுபேதார்

இதில் கூச்சம் எதற்கம்மா, அப்பா உழைத்ததுதானே. அம்மா இருக்கும்வரை பென்ஷன் அம்மாவுக்கு. அவருக்குப் பின், விவாகரத்தான மகளுக்கு வயது வரம்பில்லாமல் குடும்ப பென்ஷன் உண்டு, மறுமணம் செய்யாதவரை, சொந்த வருமானம் மாதம் 9,000-மும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாதவரை. பலரும் தடுமாறுவது தேதியில்தான். பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும், தீர்ப்பு பின்னால் வந்தாலும் போதும். உங்கள் வழக்கு அப்பா காலத்திலேயே தாக்கலானது, அதனால் பயமில்லை. வழக்கு எண் உள்ள மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பு வந்ததும் அம்மாவை வைத்தே உங்கள் பெயரைக் குடும்ப விவரத்தில் ஏற்றிவிடுங்கள், அவருக்குப் பின் நீங்கள் தனியாக ஏற்றுவதைவிட அது ஆயிரம் மடங்கு சுலபம். தீர்ப்புக்குப் பிறகு அம்மாவைச் சார்ந்தவர் என்ற முறையில் இசிஎச்எஸ்ஸிலும் கேட்கலாம், அங்கேயும் அதே வருமான வரம்பு.

பேத்திக்கு வருத்தம்தான். பிரதமர் கல்வி உதவித்தொகை முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் கணவரை இழந்த மனைவிக்கும்தான், பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. ஊரில் யாராவது படிவத்துக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

லட்சுமி அக்கா

பிள்ளைகள் உள்ள மற்றவர்கள் இதைப் படித்தால்: அந்த உதவித்தொகை பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், இன்ஜினியரிங், மருத்துவம், பி.எட் மாதிரியான தொழிற்படிப்பாக இருக்கணும், முதல் வருடத்திலேயே போடணும். இரண்டாம் வருடத்தில் போய் நின்றால் எடுக்க மாட்டார்கள், என் தங்கை மகனுக்கு அப்படித்தான் போனது. ஹவில்தார் வரைக்கும் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு வேறு ஒரு மாதாந்திரக் கல்வி உதவியும் உண்டு, 1,000 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆக்கிவிட்டார்கள். பெண் கல்யாணத்துக்கு 50,000 இருந்தது ஒரு லட்சம். எல்லாம் மாவட்ட நல அலுவலகம் வழியாகத்தான்.

பதான்கோட் வாசி

ஐயா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்காரர் இப்போது நாயக், சர்வீஸில்தான் இருக்கிறார். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. என் பெயர், குழந்தை பெயர் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்க்க முடியுமா?

ஓய்வு சுபேதார்

முடியும், பார்க்கவும் வேண்டும் அம்மா. கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்கிற எழுத்து உத்தரவாக வெளியாகும், அதுதான் ரெக்கார்ட்ஸுக்குப் போய் நிரந்தரமாக உட்காரும். அவரிடம் சொல்லி அந்த ஆர்டரின் நகலை வாங்கி, உங்கள் ஆதாரை அருகில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். சர்வீஸில் இருக்கும்போது திருத்துவது கிளார்க்கின் ஒரு நாள் வேலை. ராணுவக் குழு காப்பீட்டின் நாமினி பெயரையும் அப்போதே பாருங்கள், கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் நிறைய பேருக்கு இன்னும் அம்மா பெயரே நிற்கிறது, அதனால் மாமியாருக்கும் மருமகளுக்கும் கோர்ட் வரை போன குடும்பங்கள் உண்டு. லீவில் வரும்போது கேட்கிறேன் என்று விடாதீர்கள், லீவில் வந்தால் கல்யாணம் காதுகுத்து என்று ஓடிவிடுவார்கள். போனிலேயே கேளுங்கள்.