எல்லோர் ரசனைக்கும் ஏற்ப வீட்டுப் படத் தொகுப்பை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். பழைய கணினியொன்றில் ஜெல்லிஃபின் (வீட்டிலுள்ள படங்களையும் பாடல்களையும் மற்ற திரைகளில் பார்க்க, கேட்க உதவும் மென்பொருள்) நிறுவி, வீட்டிலுள்ள படங்களையும் பாடல்களையும் சேர்த்திருக்கிறேன். மாமியார் பக்திப் படங்களையும், கணவர் மலையாளத் திரில்லர்களையும், மகன் அனிமேயையும் விரும்புவதால், முகப்பில் எல்லாம் கலந்து வந்து அவரவர் தேடுவது அகப்படுவதில்லை. ஆளுக்கொரு கோப்புறை வைப்பது சரியாக இருக்குமா?

மறுமொழி 1:
வேண்டாம். இருவருக்குப் பிடித்த படத்தை எங்கே வைப்பது என்ற சிக்கல் உடனே வந்துவிடும். திரைப்படம், பக்திப் படம், அனிமே, இசை எனத் தனித்தனி நூலகங்களை (ஜெல்லிஃபினில் வகைவாரித் தொகுப்புகளுக்கு இதுவே பெயர்) அமைத்து, ஒவ்வொருவருக்கும் பயனர் கணக்கு கொடுத்து, எந்தக் கணக்குக்கு எது தெரிய வேண்டும் என்பதை நிர்வாகப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பாதியில் நிறுத்திய இடமும் கணக்குவாரியாகவே பதிவாகும் என்பதால், ஒருவர் பார்த்தது மற்றவரின் பட்டியலைக் குழப்பாது. உங்கள் மாமியாருக்கு இரண்டு நூலகங்கள் மட்டும் தெரிந்தால் போதும். திரையில் குறைவாக இருப்பதே அவருக்குப் பெரிய உதவி.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஒவ்வொரு படத்தின் கோப்புறைப் பெயரிலும் ஆண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள். பெயரை வைத்துத்தான் ஜெல்லிஃபின் படத்தின் விவரங்களை இணையத்தில் தேடி எடுக்கிறது. ‘பில்லா’ என்று மட்டும் இருந்தால், 1980ஆம் ஆண்டுப் படத்துக்கு 2007ஆம் ஆண்டுப் படத்தின் சுவரொட்டியும் விவரங்களும் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும்.

மறுமொழி 3:
மகன் சிறுவனென்றால், அவன் கணக்கில் வயது வரம்பை வைப்பதோடு, தணிக்கைச் சான்று விவரம் இல்லாத படங்களை மறைக்கும் வசதியையும் இயக்குங்கள். அந்த விவரம் இல்லாத படங்கள் வரம்பைத் தாண்டி அவன் திரைக்கு வந்துவிடலாம்.