பைன் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
இரண்டு வருடம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த வெள்ளைப் பைன் விதை, கிட்டத்தட்ட 500. தண்ணீரில் போட்டதில் பாதிக்கு மேல் மிதக்கிறது. மிதப்பதையெல்லாம் கொட்டிவிடலாமா?

மறுமொழி 1:
கொட்டாதீர்கள். மிதக்கவிட்டுப் பார்ப்பதில் தெரிவது விதை நிறைந்ததா, பொக்கா என்பது மட்டும்தான். செத்த விதையும் உள்ளே நிறைந்திருந்தால் மூழ்கும். இறகுத் துணுக்கோ பிசினோ காற்றுக்குமிழியோ ஒட்டியிருந்தால் நல்ல விதையும் மிதக்கும். இறகைத் தேய்த்து நீக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

பிறகு மூழ்கியதில் 25, மிதந்ததில் 25 எடுத்து பிளேடால் நீளவாக்கில் வெட்டுங்கள். ஊறிய விதை நசுங்காமல் வெட்டுப்படும். உணவுத்திசு வெள்ளையாக, கெட்டியாக, ஓடு நிறைய இருக்க வேண்டும். நடுக்குழியில் கரு தெரியும். குழியின் நீளத்தில் முக்கால் பங்காவது வளர்ந்திருந்தால் நல்லது. மஞ்சளித்துச் சுருங்கி, சிக்கு வாடை அடித்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அண்மையில் செத்த விதையும் வெட்டினால் வெள்ளையாகத்தான் இருக்கும், அதனால் கணக்கு கூடுதலாக வரும். ஆய்வக வசதி இருந்தால் டெட்ராசோலியம் (உயிருள்ள திசுவைச் சிவப்பாக்கும் வேதிப்பொருள்): 1 சதவீதக் கரைசல், 30 டிகிரி, இருட்டில் 18 முதல் 24 மணி நேரம். கரு, உணவுத்திசு இரண்டும் முழுக்கச் சிவந்தால் உயிருள்ளது. கரைசலில் அமிலத்தன்மை கூடினால் நல்ல விதையும் வெளிறித் தெரியும்.

வீட்டில் செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதத்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம். ஓர் இரவு ஊறவைத்து, முளைவேர் இருக்கும் கூரான முனையில் மேலோட்டை மட்டும் லேசாக நறுக்கி, புதுக் கரைசலில் இருட்டில் வையுங்கள். நாலாம் நாள் கரைசலை மாற்றுங்கள். எட்டாம் நாளுக்குள் வேர் 5 மில்லிமீட்டர் நீண்டவை உயிருள்ளவை. ஆழமாக நறுக்கினால் வேர்முனை போய்விடும், கணக்கும் கெடும்.

கேட்டவர்:
நேரடியாக முளைக்கவிட்டுப் பார்த்தால் போதாதா?

மறுமொழி 1:
வெள்ளைப் பைனுக்கு உறக்கம் உண்டு. ஈரமணலில் 3 முதல் 5 டிகிரியில் 60 முதல் 90 நாள் வைக்காமல் சோதித்தால் உயிருள்ளதும் முளைக்காது. முளைக்காதவற்றைக் கடைசியில் வெட்டிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் இன்னும் உறங்குகிறது, கொழகொழத்தால் அழுகிவிட்டது.

இன்னொன்று, இப்போது நனைந்த விதையை அப்படியே டப்பாவில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெட்டுவதற்கு எடுத்தது போக மீதியை இன்றே ஈரமணலுக்கு மாற்றிவிடுங்கள்.