ஏ/எல் (உயர்தரம்) பயோ முடிச்சாச்சு, நர்சிங்கா மிட்வைஃபா?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கேன், கெம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்கல. வீட்ல சீக்கிரம் சம்பளம் வர்ற வேலையப் பாருங்கிறாங்க. இந்த வேலைகள்ல இருக்கிற அக்காமார் சொல்லுங்களேன்.

பதில் 1:
தங்கச்சி, நர்சிங் 3 வருஷம், மிட்வைஃப் ஒன்றரை வருஷம், ரெண்டுக்கும் டிரெய்னிங்லயே அலவன்ஸ் இருக்கு. ஆள் எடுக்கிற அறிவிப்பு வர்ற அரசாங்க கெசட்ட விடாம பாருங்க. நான் நர்ஸ், வார்டுல பாதி நேரம் சிங்களம்தான், இப்பவே பேசிப் பழகுங்க.

பதில் 2:
நான் மிட்வைஃப். மழையில அட்டைக்கடியோட தராசத் தூக்கிட்டு லயம் லயமா (தோட்டத்து வரிசை வீடுங்க) ஏறணும், கொழுந்து பறிக்கிற நேரத்துல வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, அதனால பிள்ளைக்காம்பராவுல (வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற இடம்) போய்தான் புள்ளைங்க நிறை பாக்கிறது. ஆனா நம்ம பாஷையில பேசினா கர்ப்பிணிங்க மறைக்காம எல்லாம் சொல்லுவாங்க, எனக்கு அது புடிச்சிருக்கு.

பதில் 3:
ரெண்டுக்கும் போடுங்க. நைட் டியூட்டி ஒத்துக்காதுன்னா மட்டும் நர்சிங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா யோசிங்க.